லைன் நின்னா யார் காசு? தனியா ஆட்டோமேஷன் வேலை எடுக்கறவங்களுக்கு லயபிலிட்டி இன்சூரன்ஸ்

பிஎல்சி (மெஷின ஓட்டற தொழிற்சாலை கம்ப்யூட்டர்) ப்ரோக்ராமிங், ஸ்காடா (பிளாண்ட்ட ஸ்கிரீன்ல கண்காணிக்கற சிஸ்டம்), டிரைவ் கமிஷனிங் (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்தற கருவிய ஓட வைக்கறது), பேனல் மாடிஃபிகேஷன்னு தனியா வேலை எடுத்து பண்றவங்க பெரும்பாலும் இன்சூரன்ஸ பத்தி யோசிக்கறதே ஏதாவது ஒரு பிளாண்ட்டோட பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட் "இன்சூரன்ஸ் சர்டிபிகேட் அனுப்புங்க, இல்லன்னா கேட் பாஸ் கிடையாது"ன்னு மெயில் போடறப்பதான். அந்த அவசரத்துல கைக்கு கிடைச்ச மலிவான ஜெனரல் லயபிலிட்டி பாலிசி (நம்மால அடுத்தவங்களுக்கு வர்ற காயம், சேதத்துக்கான பாலிசி) ஒண்ண எடுத்து சர்டிபிகேட்ட அனுப்பிட்டு உள்ள போயிடறாங்க. கேட் திறந்துடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நம்ம வேலையில வரக்கூடிய பெரிய நஷ்டம் எதுவோ அத அந்த பாலிசி தொடவே தொடாது, இது தெரியாமலேயே வருஷா வருஷம் ரின்யூ பண்ணிட்டு இருக்கறவங்க நிறைய பேரு.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், பாலிசியோட பேரும் மாறும், ஆனா உள்ள இருக்கற அமைப்பு எங்க போனாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அத புரிஞ்சுகிட்டா எந்த ப்ரோக்கர்கிட்ட வேணா தைரியமா உக்காந்து பேசலாம்.

ஒரு டேங்க், ஆறு நஷ்டம்

ஒரு உதாரணத்த எடுத்துக்கலாம், கற்பனைதான், ஆனா இந்த மாதிரி நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஒரு டேங்க்ல லெவல் டிரான்ஸ்மிட்டர் (மட்டத்த அளந்து சிக்னலா அனுப்பற கருவி) 0–10 மீட்டருக்கு ரேஞ்ச் பண்ணி இருக்கு. பிஎல்சில ஸ்கேலிங் (சிக்னல மீட்டரா மாத்தற கணக்கு) போடறப்ப பழைய டேட்டாஷீட்ட பாத்து 0–8 மீட்டர்னு போட்டாச்சு. சிக்னல் 4–20 மில்லிஆம்ப், லூப் செக்ல (சிக்னல் வந்து சேருதான்னு பாக்கற சோதனையில) கரண்ட் ஒழுங்கா வருது, அதனால யாரும் கவனிக்கல. டேங்க்ல நிஜமா 8 மீட்டர் இருக்கறப்ப டிரான்ஸ்மிட்டர் 16.8 மில்லிஆம்ப் அனுப்பும், ஹெச்எம்ஐல, அதாவது ஆபரேட்டர் ஸ்கிரீன்ல, அது 6.4 மீட்டர்னு தெரியும். ஹை-ஹை டிரிப், அதாவது மட்டம் ரொம்ப ஏறினா தானா நிறுத்தறது, 7.2ல வச்சிருக்கு, அது அடிக்கணும்னா நிஜ லெவல் 9 மீட்டர் போகணும், ஆனா டேங்க்கோட உயரமே 8.5 தான். ஆபரேட்டர் ஸ்கிரீன்ல இன்னும் இடம் இருக்குன்னு பாத்துட்டே இருக்கறப்ப மேல வழிய ஆரம்பிச்சுடும்.

இப்ப நஷ்டத்த பிரிச்சு பாருங்க. கீழ இருந்த பம்ப் மோட்டாரும் பக்கத்துல இருந்த எம்சிசி பேனலும் (மோட்டார்களுக்கான கண்ட்ரோல் பேனல்) நனைஞ்சு போச்சு. தயாரிப்புல இருந்த பேட்ச் வீணாச்சு. வழிஞ்சது வடிகாலுக்குள்ள போயிடுச்சு, சுத்தம் பண்ணணும். ஒரு ஆபரேட்டர் வழுக்கி விழுந்து கை உடைஞ்சுது. லைன் மூணு நாள் நின்னுச்சு. கடைசியா, ஸ்கேலிங்க சரி பண்ணி மத்த எல்லா டேங்க்கையும் திரும்ப செக் பண்ணணும்.

ஜெனரல் லயபிலிட்டி பாலிசி இதுல எத எடுத்துக்கும்? அது உடம்புக்கு காயம், மத்தவங்க பொருளுக்கு சேதம், இந்த ரெண்டுக்காக எழுதினது. மோட்டார், பேனல், கை உடைஞ்சது எல்லாம் அந்த தலைப்புல வரும்னு தோணும். ஆனா இஞ்சினியரிங், டிசைன், சாஃப்ட்வேர் வேலை பண்றவங்களோட பாலிசில "தொழில்முறை சேவையினால வந்த நஷ்டம் கிடையாது"ன்னு ஒரு எக்ஸ்க்ளூஷன் (இதுக்கு கவர் இல்லன்னு ஒதுக்கற வரி) பெரும்பாலும் ஒட்டியிருக்கும். அது இருந்தா, ஸ்கேலிங் போட்டது தொழில்முறை சேவைதானே, கதவு அங்கயே மூடிடும். அந்த பாலிசி நிஜமா காப்பாத்தறது நீங்க ஏணிய சாய்ச்சு ஒரு சைட் கிளாஸ உடைச்சா, டூல் பேக் தடுக்கி யாராவது விழுந்தா, அந்த மாதிரி விஷயங்கள. அதுவும் தேவைதான், வேண்டாம்னு சொல்லல.

வடிகாலுக்குள்ள போனதுக்கு பொல்யூஷன் எக்ஸ்க்ளூஷன் வந்து நிக்கும். கெமிக்கல், பெயிண்ட், வாட்டர் ட்ரீட்மெண்ட் மாதிரி இடங்கள்ல வேலை பண்றவங்க இத தனியா கேட்டு வாங்கணும், தானா வராது.

லைன் மூணு நாள் நின்னது, இதுதான் நம்ம தொழில்ல பெரிய தொகை. நனைஞ்ச மோட்டாரோட விலை ஒரு ஓரத்துல கிடக்கும், நின்னு போன உற்பத்தியோட கணக்கு அத மாதிரி பல மடங்கு வரும். பொருளுக்கு சேதமே இல்லாம, வெறும் லாஜிக் தப்பால லைன் நின்னா அதுக்கு சுத்தமான பண நஷ்டம்னு பேரு, ஜெனரல் லயபிலிட்டி அந்த பக்கமே திரும்பாது. அதுக்குன்னு இருக்கறது ப்ரொஃபெஷனல் இண்டெம்னிட்டி, சில நாட்டுல எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ்னு சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

கடைசி நஷ்டம், அதாவது உங்க தப்ப நீங்களே திருத்தற செலவு, இத சாதாரண லயபிலிட்டி பாலிசி தராது. சொந்த வேலைய திரும்ப செய்யறது உங்க பிசினஸ் ரிஸ்க்னு விட்டுடுவாங்க. சில ப்ரொஃபெஷனல் பாலிசில, பெரிய கிளெய்ம் வராம தடுக்கறதுக்காக முன்கூட்டியே அனுமதி வாங்கி செய்யற திருத்தத்துக்கு கொஞ்சம் தருவாங்க, அந்த வரி இருக்கான்னு தேடி பாருங்க, இருந்தா அந்த பாலிசிக்கு ஒரு மார்க் கூட போடலாம்.

ரெண்டு பாலிசிக்கும் நடுவுல இருக்கற பள்ளம்

சரி, ரெண்டு பாலிசியும் எடுத்துட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சா அதுலயும் ஒரு சிக்கல். ஜெனரல் லயபிலிட்டி சொல்லும், தொழில்முறை தப்பால வந்த காயம் எங்களுக்கு இல்ல. சில ப்ரொஃபெஷனல் பாலிசி சொல்லும், உடம்பு காயமும் பொருள் சேதமும் எங்களுக்கு இல்ல, அது ஜெனரல் பாலிசியோட வேலை. இப்ப கை உடைஞ்ச அந்த ஆபரேட்டர் எங்க போவாரு? ரெண்டுக்கும் நடுவுல விழுவாரு, கூடவே நீங்களும்.

லைட் கர்ட்டன (ஆள் குறுக்க வந்தா மெஷின நிறுத்தற ஒளித்திரைய) கொஞ்ச நேரம் கண்டுக்காம விடற மியூட்டிங் டைமர மாத்தினது, கமிஷனிங் அப்ப ஃபோர்ஸ் பண்ண (கையால ஆன் பண்ணி வச்ச) பிட் ஒண்ண எடுக்க மறந்தது, இன்டர்லாக்குக்கு (பாதுகாப்பு தடைக்கு) டெம்பரரியா போட்ட பைபாஸ் அப்படியே இருந்தது, நம்ம வேலையில ஆளுக்கு அடிபடற சம்பவம் பெரும்பாலும் இந்த வகையாதான் இருக்கும். லாஜிக்ல தப்பு, கையில காயம். அதாவது நம்ம தொழிலோட மோசமான சம்பவம் எதுவோ அது சரியா அந்த பள்ளத்துலயே விழுது. ஐடி கன்சல்டண்ட்களுக்குன்னு போட்ட ப்ரொஃபெஷனல் பாலிசிகள்ல இது ரொம்ப சகஜம், ஏன்னா வெப்சைட் கட்டறவரால யாருக்கும் கை உடையாதுன்னு நினைச்சு எழுதினது அது.

இத அடைக்க மூணு வழி. ப்ரொஃபெஷனல் பாலிசில உடம்பு காயம், பொருள் சேதம் எக்ஸ்க்ளூஷன எடுத்துட்டு தர சொல்லலாம், இஞ்சினியர்களுக்குன்னு இருக்கற வேர்டிங்ல பெரும்பாலும் அது இருக்காது. இல்ல, ஜெனரல் பாலிசில இருக்கற தொழில்முறை எக்ஸ்க்ளூஷன சுருக்கித் தர சொல்லலாம், நீங்களே டிசைன் பண்ணி நீங்களே நிறுவற வேலைக்கு அது பொருந்தாதுன்னு எழுதற எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியோட சேர்க்கற திருத்த பேப்பர்) சில மார்க்கெட்ல உண்டு. மூணாவது, ரெண்டையும் ஒரே கம்பெனிகிட்ட சேர்த்து எடுக்கறது. என்னோட ஓட்டு இதுக்குத்தான், காரணம் சிம்பிள், ரெண்டு கம்பெனி இருந்தா ஒருத்தர ஒருத்தர் கைகாட்டிட்டே இருப்பாங்க, ஒரே கம்பெனின்னா அவங்க வலது கையும் இடது கையும் அவங்களுக்குள்ள சண்டை போட்டுக்கட்டும்.

கிளெய்ம்ஸ்-மேட், ரெட்ரோ டேட்: இத மட்டும் ரெண்டு தடவை படிங்க

ஜெனரல் லயபிலிட்டி பல இடத்துல சம்பவ அடிப்படையில இருக்கும், அதாவது சேதம் நடந்த தேதியில பாலிசி இருந்தா போதும், கேஸ் அஞ்சு வருஷம் கழிச்சு வந்தாலும் அந்த பழைய பாலிசி பதில் சொல்லும். ப்ரொஃபெஷனல் இண்டெம்னிட்டி பெரும்பாலும் அப்படி இல்ல, கிளெய்ம்ஸ்-மேட். உங்க மேல கிளெய்ம் வர்ற அன்னைக்கு பாலிசி உயிரோட இருக்கணும், கூடவே நீங்க அந்த வேலைய செஞ்ச தேதி பாலிசில இருக்கற ரெட்ரோஆக்டிவ் தேதிக்கு அப்புறமா இருக்கணும்.

நம்மளுக்கு இது ஏன் முக்கியம்னா, ஒரு பிஎல்சி ப்ரோக்ராம் 15, 20 வருஷம் ஓடும். 2019ல நீங்க எழுதின சீக்வென்ஸ், 2026ல வேற ஒரு ப்ராடக்ட் ஓட்டறப்ப முதல் தடவையா அந்த ஓரத்து பிராஞ்சுக்குள்ள போய் தப்பு பண்ணலாம். 2024ல மலிவா இருக்குன்னு வேற கம்பெனிக்கு மாறி, அவங்க ரெட்ரோ தேதிய 2024ன்னு போட்டு, நீங்களும் அத பாக்காம கையெழுத்து போட்டிருந்தா, அதுக்கு முன்னாடி செஞ்ச எல்லா வேலையும் அந்த ஒரு வரியில அனாதையாயிடும். கம்பெனி மாறலாம், தப்பில்ல, ஆனா பழைய ரெட்ரோ தேதி அப்படியே தொடரணும்னு எழுத்துல வாங்கிட்டுதான் பழசை விடணும். நடுவுல ஒரு நாள் கூட இடைவெளி விழாம பாத்துக்கங்க.

தொழில விட்டு ஒரு கம்பெனில வேலைக்கு சேர்ந்துட்டா, ரிட்டையர் ஆயிட்டா, பாலிசிய அப்படியே நிறுத்திடக்கூடாது. ரன்-ஆஃப்னு ஒண்ணு இருக்கு, டெய்ல்னும் சொல்வாங்க, புது வேலை இல்லாம பழைய வேலைக்கு மட்டும் சில வருஷம் கவர் தரும். அத எத்தனை வருஷத்துக்கு தருவாங்க, என்ன கணக்குல தருவாங்கன்னு வாங்கற அன்னைக்கே கேட்டு வச்சிக்கங்க, தொழில மூடற அன்னைக்கு கேட்டா பேரம் பேச கையில ஒண்ணும் இருக்காது.

பாலிசிய விட கான்ட்ராக்ட்தான் ஆபத்து

இது கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க, ஏன்னா பாலிசி எவ்வளவு நல்லா இருந்தாலும் கான்ட்ராக்ட்ல ஒரு வரில கையெழுத்து போட்டு அத காலி பண்ணிடலாம்.

ப்ரொஃபெஷனல் பாலிசி காப்பாத்தறது உங்க கவனக்குறைவ. அதாவது, இந்த துறையில அனுபவம் உள்ள ஒரு இஞ்சினியர் எடுக்கற அளவு கவனம் நீங்க எடுக்கல, அதனால நஷ்டம், அப்படின்னா வரும். ஆனா கான்ட்ராக்ட்ல "இந்த சிஸ்டம் மணிக்கு இத்தனை யூனிட் ஓட்டும்னு உத்தரவாதம் தரேன்", "நோக்கத்துக்கு முழுசா பொருந்தும்னு உறுதி தரேன்"னு இருந்தா, நீங்க எந்த தப்பும் பண்ணாமலேயே பொறுப்பாளி ஆயிடலாம், கவனக்குறைவு இல்லாத பொறுப்புக்கு பாலிசி வராது. நீங்களா ஏத்துகிட்ட கூடுதல் பொறுப்புன்னு சொல்லி ஒதுங்கிடுவாங்க.

இதுக்கு ஒரு நிஜ கேஸ் இருக்கு, பிரிட்டன் சுப்ரீம் கோர்ட், 2017, கான்ட்ராக்டர் எம்டி ஹோய்கார்டுக்கும் மின்சார கம்பெனி ஈ.ஆனுக்கும் நடந்தது. ராபின் ரிக்னு ஒரு கடல் காற்றாலை, அதுக்கு அஸ்திவாரம் போட்ட கான்ட்ராக்டர் ஜே101னு ஒரு சர்வதேச ஸ்டாண்டர்ட ஒழுங்கா ஃபாலோ பண்ணியிருந்தாரு. அந்த ஸ்டாண்டர்டுலயே ஒரு மதிப்பு கிட்டத்தட்ட 10 மடங்கு தப்பா இருந்துச்சு, அஸ்திவார இணைப்பு நகர ஆரம்பிச்சுடுச்சு. ஆனா டெக்னிக்கல் ரிக்வயர்மெண்ட்ஸ்ல ஒரு ஓரத்துல 20 வருஷ ஆயுளுக்கு டிசைன் இருக்கணும்னு ஒரு வரி இருந்துச்சு, கோர்ட் அந்த வரிதான் செல்லும்னு சொல்லிடுச்சு, திருத்தற செலவு 2.6 கோடி யூரோவுக்கு மேல கான்ட்ராக்டர் தலையில. கான்ட்ராக்டர் கவனக்குறைவா இருந்தாருன்னு கூட அங்க தீர்ப்பு இல்ல. காற்றாலை நம்ம வேலை இல்லதான், ஆனா 300 பக்க ஸ்பெசிஃபிகேஷன்ல எங்கயோ ஒளிஞ்சிருக்கற ஒரு வரி எப்படி கடிக்கும்ங்கறதுக்கு இத விட நல்ல பாடம் கிடைக்காது.

அதனால "உத்தரவாதம்", "உறுதி"ன்னு இருக்கற இடத்துல "நியாயமான திறமையோடயும் கவனத்தோடயும் செய்வேன்"னு மாத்த சொல்லுங்க. தாமதத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு அபராதம் இருந்தா, அது இன்சூரன்ஸ்ல வராத காசு, உங்க பாக்கெட்ல இருந்து போறதுன்னு தெரிஞ்சே ஒத்துக்கங்க.

அடுத்து ரெண்டு வரி உள்ள வரணும், இதுக்காக சண்டை போட்டாலும் தகும். ஒண்ணு, உங்க மொத்த பொறுப்புக்கு ஒரு உச்சவரம்பு, அது ஃபீஸ் அளவோ பாலிசி லிமிட் அளவோ ஏதோ ஒரு எண். ரெண்டு, உற்பத்தி நின்னது, லாபம் போனது மாதிரி மறைமுக நஷ்டத்துக்கு நீங்க பொறுப்பில்லங்கறது. ரெண்டாவது மட்டும் கிடைச்சா கூட மேல சொன்ன டேங்க் உதாரணத்துல பெரிய தொகை அப்படியே கழிஞ்சிடும், எந்த பாலிசியும் வாங்கித் தராத பாதுகாப்பு அது, அதுக்கு பிரீமியமும் கிடையாது. பெரிய கம்பெனி லீகல் டிபார்ட்மெண்ட் முதல்ல முடியாதுன்னுதான் சொல்லும், உச்சவரம்ப கொஞ்சம் ஏத்தி கேட்டா பல நேரம் இறங்கி வருவாங்க. ஆனா காயம், மரணம், வேணும்னே பண்ண தப்பு மாதிரி விஷயத்துக்கு இந்த வரம்பு செல்லாதுன்னு பல சட்டத்துல இருக்கு, அதனால இது இருக்குன்னு பாலிசிய விட்டுடாதீங்க.

"கிளையண்ட் நம்ம ஆளு, பத்து வருஷ பழக்கம், கேஸ் எல்லாம் போட மாட்டாரு"ன்னு சொல்றவங்க உண்டு. அவர் போட மாட்டாருதான். ஆனா பிளாண்ட்டுக்கு இன்சூரன்ஸ் பண்ண கம்பெனி அவருக்கு நஷ்டத்த குடுத்துட்டு, அவர் இடத்துல நின்னு உங்க மேல வரும், சப்ரொகேஷன்னு பேரு. அந்த கம்பெனிக்கு உங்க பழக்கமெல்லாம் தெரியாது. இத தடுக்கணும்னா கிளையண்ட் தன்னோட ப்ராப்பர்ட்டி பாலிசில உங்க மேல சப்ரொகேஷன் உரிமைய விட்டுக்குடுக்கணும், அத கான்ட்ராக்ட்லயே கேளுங்க. நீங்க அவங்களுக்கு அந்த உரிமைய விட்டுக்குடுக்கணும்னு சொல்ற வரி கான்ட்ராக்ட்ல எப்படியும் இருக்கும், திருப்பி கேக்கறதுல தப்பே இல்ல.

இன்டக்ரேட்டருக்கு (முழு ஆட்டோமேஷன் ப்ராஜெக்ட்டையும் எடுத்து பண்ற கம்பெனிக்கு) கீழ சப்-கான்ட்ராக்டா போறவங்க "அவங்க பாலிசில நாமும் வந்துடுவோம்"னு நினைக்கறதும் இதே ரகம்தான். பல பாலிசில ஊழியர்னா கவர் ஆவாரு, தனி கான்ட்ராக்டர் ஆக மாட்டாரு. எண்டார்ஸ்மெண்ட்ல சேர்த்திருக்கான்னு பேப்பர்ல பாருங்க, வாய் வார்த்தை வேண்டாம். உங்களுக்கு கீழ ஒரு வயர்மேனையோ இன்னொரு ப்ரோக்ராமரையோ வச்சிருந்தா அதே கேள்வி தலைகீழா உங்களுக்கு வரும்.

ப்ரொபோசல் ஃபார்ம்ல பொய்யும் வேண்டாம், சுருக்கமும் வேண்டாம்

பாலிசி கேட்டு நிரப்பற ப்ரொபோசல் ஃபார்ம்ல "தொழில்"னு இருக்கற கட்டத்துல ஐடி கன்சல்டண்ட்னோ எலக்ட்ரீஷியன்னோ எழுதினா பிரீமியம் குறையும், அதுக்காக எழுதறவங்க இருக்காங்க. கிளெய்ம் வர்ற அன்னைக்கு கம்பெனி முதல்ல எடுக்கற பேப்பர் அதுதான். என்ன பண்றீங்கன்னு நீட்டி எழுதுங்க: பிஎல்சி, ஹெச்எம்ஐ ப்ரோக்ராமிங் இவ்வளவு சதவீதம், சைட் கமிஷனிங் இவ்வளவு, பேனல் அசெம்பிளி இவ்வளவு, ரிமோட் சப்போர்ட் இவ்வளவு. பேனல் கட்டி விக்கறீங்கன்னா அது ப்ராடக்ட், அதுக்கு ப்ராடக்ட் லயபிலிட்டி வேணும். ரோபோட் செல், பர்னர் மேனேஜ்மெண்ட், எமர்ஜென்சி ஷட்டவுன் மாதிரி சேஃப்டி வேலை தொடறீங்கன்னா மறைக்காம சொல்லுங்க. ஐஇசி 61511 (பிராசஸ் பிளாண்ட் சேஃப்டி), ஐஎஸ்ஓ 13849 (மெஷின் சேஃப்டி) ஸ்டாண்டர்ட் படி யார் ரிஸ்க் அசெஸ்மெண்ட் பண்றாங்க, யார் வேலிடேட் பண்றாங்க, அதுல உங்க பங்கு எது வரைக்கும்ங்கறத பிரிச்சு எழுதறது உங்களுக்கும் நல்லது, ஏன்னா அதே வாக்கியத்த அப்படியே கோட்டேஷன்லயும் போட்டு வச்சிக்கலாம்.

எந்த இண்டஸ்ட்ரின்னும் சொல்லணும். நியூக்ளியர், விமானம், கடல் எண்ணெய் மேடை, மருத்துவ கருவி, இதெல்லாம் பல பாலிசில சத்தமில்லாம வெளிய இருக்கும். அதே மாதிரி நாடு. வெளிநாட்டுல கமிஷனிங் போறவங்க டெரிட்டரி, ஜூரிஸ்டிக்ஷன் ரெண்டையும் தனித்தனியா பாக்கணும், வேலை எங்க நடக்கலாம்ங்கறது ஒண்ணு, கேஸ் எந்த கோர்ட்ல நடக்கலாம்ங்கறது இன்னொண்ணு. அமெரிக்கா, கனடாவ ஒதுக்கி வைக்கற பாலிசி உலகம் முழுக்க நிறைய. வீட்டுல உக்காந்து ரிமோட்ல அந்த ஊர் மெஷின தொட்டாலும் கதை அதேதான்.

லிமிட்

லிமிட், அதாவது கம்பெனி அதிகபட்சமா தர்ற தொகை, எவ்வளவு எடுக்கணும்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க தொடற இடத்துலயே மோசமான லைன் ஒரு நாள் நின்னா எவ்வளவு போகும்னு கிளையண்ட்கிட்டயே கேளுங்க, ப்ரொடக்ஷன் மேனேஜருக்கு அந்த எண் மனப்பாடமா தெரியும். அத ஒரு வாரத்துக்கு பெருக்கி பாருங்க, ஆரம்பிக்க அது நல்ல இடம். ஒரு கிளெய்முக்கு எவ்வளவு, வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவுன்னு ரெண்டு எண் இருக்கும், ரெண்டும் பாக்கணும். அப்புறம் வக்கீல் செலவு லிமிட்டுக்குள்ளயா வெளியவா? உள்ளன்னா, 100 ரூபா லிமிட்ல 30 வக்கீலுக்கும் நிபுணர் ரிப்போர்ட்டுக்கும் போயிட்டா செட்டில்மெண்ட்டுக்கு மிச்சம் 70 தான். ஆட்டோமேஷன் தகராறுல ரெண்டு பக்கமும் எக்ஸ்பர்ட் வச்சு லேடர் லாஜிக்க (பிஎல்சி ப்ரோக்ராம) வரி வரியா பிரிப்பாங்க, அந்த செலவு லேசுபட்டதில்ல. டிடக்டிபிள், அதாவது கிளெய்ம்ல முதல்ல நீங்க கையில இருந்து போடற தொகை, வக்கீல் செலவுக்கும் உண்டான்னும் கேட்டுக்கங்க.

லேப்டாப், விபிஎன், யூஎஸ்பி

2010ல ஸ்டக்ஸ்நெட்ங்கற மால்வேர் வெளிய வந்தப்ப அது சீமென்ஸ் பிஎல்சிகள குறி வச்சதுன்னும் யூஎஸ்பி டிரைவ் வழியா பரவக்கூடியதுன்னும் தெரிஞ்சுது, 2017ல ட்ரைட்டன்ங்கற மால்வேர் ஒரு பெட்ரோகெமிக்கல் பிளாண்ட்ல ட்ரைகோனெக்ஸ் சேஃப்டி கண்ட்ரோலருக்குள்ளயே கை வச்சுது. அந்த அளவுக்கு போக வேண்டாம், பத்து பிளாண்ட்டுக்கு ஒரே இஞ்சினியரிங் லேப்டாப்ப தூக்கிட்டு போறவர்தான் சாதாரண ரான்சம்வேர் (சிஸ்டத்த பூட்டிட்டு காசு கேக்கற மால்வேர்) ஒரு பிளாண்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு போக நல்ல பாலம். லயபிலிட்டி பாலிசில சைபர் எக்ஸ்க்ளூஷன் இருந்தா "உங்க விபிஎன் (ரிமோட் இணைப்பு) வழியா வந்துச்சு"ங்கற கிளெய்ம் அங்க நிக்காது. தனி சைபர் பாலிசி எடுத்தா அது உங்க டேட்டாவுக்கு மட்டுமா, இல்ல அடுத்தவங்க மெஷின் நின்னதுக்கும் சேர்த்தான்னு கேளுங்க, பொருள் சேதத்த ஒதுக்கறதுதான் அங்க வழக்கம். 2023 மார்ச் கடைசியில இருந்து லண்டன்ல இருக்கற லாய்ட்ஸ் இன்சூரன்ஸ் மார்க்கெட்ல தனி சைபர் பாலிசிகள்ல அரசு பின்னணியோட நடக்கற தாக்குதலுக்கு எக்ஸ்க்ளூஷன் போடணும்னு விதி, அதையும் நினைவுல வச்சு வேர்டிங்க படிங்க.

ப்ரோக்கருக்கு அனுப்ப வேண்டிய மெயில்

இஞ்சினியரிங் ரிஸ்க் பண்ணி பழக்கம் உள்ள ப்ரோக்கரா தேடுங்க, கார் இன்சூரன்ஸ் போட்டுத் தந்தவரே இதையும் போடட்டும்னு விடாதீங்க. போன்ல பேசினத நம்பாம கீழ இருக்கறத மெயில்ல அனுப்பி, பதிலையும் மெயில்லயே வாங்குங்க:

"வணக்கம். நான் பிஎல்சி லாஜிக் எழுதி சைட்ல கமிஷனிங் பண்றேன். என் லாஜிக் தப்பால பொருள் சேதம் எதுவும் இல்லாம கிளையண்ட்டோட லைன் நின்னா, உற்பத்தி நஷ்டத்துக்கு கவர் உண்டா, எந்த க்ளாஸ்ல? அதே தப்பால ஒருத்தருக்கு அடிபட்டா எந்த பாலிசி பதில் சொல்லும், இன்னொரு பாலிசில அதுக்கு எக்ஸ்க்ளூஷன் இல்லங்கறத காட்டுங்க. ரெட்ரோ தேதி என்ன? நான் வேலை பண்ணிட்டு இருக்கற கிளையண்ட்டோட சிஸ்டம் என் கண்ட்ரோல்ல இருந்த பொருள்னு சொல்லி ஒதுக்கற வரி இருக்கா? ரிமோட் ஆக்சஸ் வழியா வந்த நஷ்டம்? இணைச்சிருக்கற கான்ட்ராக்ட்ல எந்த க்ளாஸ் பாலிசிக்கு வெளிய போகுது?"

கடைசி கேள்விக்கு பதில் சொல்ல ப்ரோக்கர் கான்ட்ராக்ட்ட படிச்சே ஆகணும், படிக்க மாட்டேங்கறவர அங்கயே மாத்திடுங்க. நடுவுல இருக்கற "கண்ட்ரோல்ல இருந்த பொருள்" விஷயம் சின்னதா தெரியும், ஆனா நீங்க ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணிட்டு இருக்கறப்பவே கண்ட்ரோலர் செத்துப்போச்சுன்னா இந்த வரிதான் குறுக்க வரும்.

கிளையண்ட் கேக்கற சர்டிபிகேட்ட பத்தி ஒண்ணு. அது வெறும் தகவல் பேப்பர், அதனால பாலிசி மாறாது. அவங்கள கூடுதல் இன்ஷூர்டா சேர்க்கணும்னு கான்ட்ராக்ட் சொன்னா எண்டார்ஸ்மெண்ட் நிஜமா வரணும், ப்ரொஃபெஷனல் பாலிசில அப்படி சேர்க்க பெரும்பாலும் மாட்டாங்க, அதனால ஒத்துக்கறதுக்கு முன்னாடி கேளுங்க.

கிளெய்ம் வர்ற மாதிரி வாசனை அடிச்சா

வக்கீல் நோட்டீஸ் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். "உங்க ப்ரோக்ராம்னாலதான் இது நடந்துச்சுன்னு நினைக்கறோம்"னு ஒரு மெயில் வந்தாலே போதும், கிளெய்ம்ஸ்-மேட் பாலிசில அத அந்த பாலிசி வருஷத்துக்குள்ளயே கம்பெனிக்கு சொல்லணும். சொல்லிட்டா, அப்புறம் கிளெய்ம் எப்ப வந்தாலும் இந்த வருஷ பாலிசில போய் உக்காந்துக்கும். சொல்லாம ரின்யூ பண்ணா புது பாலிசி "உங்களுக்கு முன்னாடியே தெரியும்"னு தட்டிடும்.

"மன்னிக்கணும், என் தப்புதான், இலவசமா சரி பண்ணித் தரேன்"னு பதில் எழுத கை பரபரக்கும். எழுதாதீங்க. கம்பெனி அனுமதி இல்லாம பொறுப்ப ஒத்துக்கறதும் காசு குடுக்கறதும் பல பாலிசில நிபந்தனைய மீறினதா ஆயிடும். "மெயில் கிடைச்சுது, பாத்துட்டு இருக்கேன், பிளாண்ட்ட பாதுகாப்பா வைக்க என்ன உதவி வேணும்னு சொல்லுங்க" இது போதும்.

முக்கியமா, லேப்டாப்ப சொருகி உடனே கண்ட்ரோலருக்குள்ள புது ப்ரோக்ராம டவுன்லோட் பண்ணிடாதீங்க. கண்ட்ரோலர்ல இப்ப ஓடிட்டு இருக்கறத முதல்ல லேப்டாப்புக்கு அப்லோட் பண்ணி தேதியோட சேவ் பண்ணுங்க, ஃபோர்ஸ் டேபிள், அலாரம் ஹிஸ்டரி, ட்ரெண்ட், டயக்னோஸ்டிக் பஃபர் (கண்ட்ரோலரோட எரர் பதிவு) எல்லாத்தையும் எடுத்து வைங்க. நீங்க ஹேண்ட் ஓவர் பண்ண வெர்ஷன் உங்ககிட்ட இருக்கும்ல, ரெண்டையும் கம்பேர் பண்ணா பாதி கேஸ் அங்கயே தெளிஞ்சிடும், ஏன்னா நடுவுல மெயின்டனன்ஸ் ஆள் யாராவது செட்பாயிண்ட்ட மாத்தியிருப்பாரு, ஒரு இன்டர்லாக்க கழட்டியிருப்பாரு. இதுக்காகத்தான் ஃபேட், சாட் (அனுப்பறதுக்கு முன்னாடியும் சைட்லயும் பண்ற அக்செப்டன்ஸ் டெஸ்ட்) ஷீட்டுல கையெழுத்து, பைபாஸ் லிஸ்ட்ல கையெழுத்து, ஹேண்ட் ஓவர் அன்னைக்கு பேக்கப் ஒரு காப்பி கிளையண்ட்கிட்ட ஒரு காப்பி உங்ககிட்ட, எல்லாம். டேங்க் ஸ்கேலிங் மாதிரி விஷயத்துல டிரான்ஸ்மிட்டர் ரேஞ்சும் பிஎல்சி ரேஞ்சும் ஒரே ஷீட்டுல பக்கத்துல பக்கத்துல இருந்து ரெண்டு பேர் கையெழுத்து போட்டிருந்தா, தப்பும் முன்னாடியே மாட்டும், மாட்டாட்டியும் பொறுப்பு உங்க ஒருத்தர் மேல மட்டும் நிக்காது.

பிளாண்ட் பக்கம் ஓட்டியே ஆகணும்னு நெருக்குவாங்க, அது நியாயமும் கூட. அப்ப பழைய ப்ரோக்ராம் பத்திரமா இருக்குன்னு உறுதி பண்ணிட்டு, என்ன மாத்தறோம், யார் சொல்லி மாத்தறோம்னு எழுதி பிளாண்ட் ஆள்கிட்ட கையெழுத்து வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மெயில் தட்டி அவங்க சம்மதம் வந்தப்புறம் மாத்துங்க. அவங்க சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் நனைஞ்ச மோட்டாரையும் கழட்டின கார்டையும் யாரும் ஸ்கிராப்புக்கு தூக்கிப்போடாம இருக்கணும், அதையும் அதே மெயில்ல கிளையண்ட்டுக்கு காப்பி போட்டு எழுதிடுங்க.